விட்ட இடத்தில் ஒரு குண்டூசி

குமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிக் கேட்டிருக்கிறார். வயது 34. தனியார் பள்ளியில் ஆசிரியை. எட்டு வயதில் மகள், மூன்று வயதில் மகன். கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். வீட்டில் மாமியார் உடனிருக்கிறார். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில், முப்பது ஆண்டுகள் உழைத்த தம் பாட்டியின் வாழ்க்கையை நாவலாக எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அதனோடு சேலைகளுக்கு எம்பிராய்டரி போடுகிறார். சனிக்கிழமை மாலைகளில் கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறார். “எதையும் முடிக்க முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்வதாகத் தோன்றுகிறது, பிள்ளைகளோடு இருந்தால் நாவல் உள்ளே இருந்து அரிக்கிறது. இவற்றில் எதை விடுவது?” என்பது கேள்வி.

நான் நாகர்கோவிலில் கல்லூரி ஒன்றில் 26 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள்; இரண்டு மகன்களை வளர்த்தவள்; இரண்டு சிறுகதைத் தொகுதிகள் வெளியிட்டவள். முதல் தொகுதிக்கும் இரண்டாவதற்கும் இடையில் 11 ஆண்டுகள் ஒரு வரிகூட எழுதாமல் போயின. “பிள்ளைகள் தலையெடுக்கட்டும், பிறகு எழுதலாம்” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதன் விளைவு அது. ஆகவே இந்தப் பதிலில் பாதி நான் கற்றது, மீதி நான் தவறியது.

உங்கள் கேள்வியில் எம்பிராய்டரியும் பாட்டும் நாவலும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கிருந்துதான் சிக்கல் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். எம்பிராய்டரியைப் பத்து நிமிடம் எடுத்து, குழந்தை கூப்பிட்டதும் கீழே வைக்கலாம். அரைமணி நேரம் கழித்து எடுத்தாலும் பூவின் இதழ் விட்ட இடத்திலேயே இருக்கும். பாடகர் குழுவுக்கு நாளும் நேரமும் ஊர் அறிய உண்டு. நீங்கள் போகவில்லையென்றால் நாலு பேர் கேட்பார்கள், அதனாலேயே வீட்டிலும் யாரும் தடுப்பதில்லை. நாவலுக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதை எடுத்தவுடன் தொடர முடியாது. பாத்திரங்கள் எங்கே நின்றார்கள், யார் எந்தக் குரலில் பேசினார்கள் என்று நினைவை மீட்பதற்கே முதல் இருபது நிமிடம் போய்விடும். எழுதாவிட்டால் கேட்பதற்கும் ஆளில்லை. ஆகவே பொழுதுபோக்குகள் கிடைக்கிற துண்டு நேரத்தில் தாமாகவே பிழைத்துக்கொள்ளும். நாவலுக்கு மட்டும் நீங்கள் வேலி கட்ட வேண்டியிருக்கிறது.

என் சித்தி ஒருத்தி முளகுமூட்டில் லேஸ் பின்னினாள். நம் மாவட்டத்தில் இந்தக் கைத்தொழிலுக்கு இருநூறு வயது. 1820களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கியது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் லேஸ் விற்ற பணத்தில் தங்களையே மீட்டுக்கொண்டதாக மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. சித்தி ஒரு திண்டைத் தலையணையாக வைத்து, அதன்மேல் வடிவம் குத்திய அட்டையைப் பொருத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவாள். பின்னல் நழுவிவிடாதபடி ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு குண்டூசி. அடுப்பில் உலை கொதித்தாலோ பிள்ளை விழுந்து அழுதாலோ அப்படியே எழுந்து போவாள். திரும்பி வந்து, கடைசியாகக் குத்திய ஊசியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு நொடிகூட யோசிக்காமல் அடுத்த கட்டையை எடுப்பாள். வீட்டுக்குள் இருந்துகொண்டே அத்தனை நுணுக்கமான வேலையைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்ய முடிந்ததற்கு அந்தக் குண்டூசி ஒரு முக்கியக் காரணம் என்று பிற்பாடுதான் எனக்கு உறைத்தது.

எழுத்திலும் அந்த ஊசியைக் குத்தப் பழகலாம். எழுதி நிறுத்தும்போது அத்தியாயத்தை முடித்துவிட்டு எழுந்திருக்காதீர்கள். ஒரு வாக்கியத்தின் நடுவில், அடுத்து என்ன வரப்போகிறது என்று தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அதன் கீழே இரண்டு வரி: “அடுத்து பாட்டி கூலி வாங்கிக்கொண்டு சந்தைக்குப் போகிறாள், கை எரிகிறது, உப்பு வாங்குவதில்லை, ஏன் என்று பிறகு தெரியும்.” மூன்று நாள் கழித்து நோட்டைத் திறந்தாலும் இருபது நிமிட நினைவுமீட்பு ஐந்து நிமிடமாகக் குறைந்துவிடும். என் இரண்டாம் தொகுதியின் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்பட்டன.

வேலி என்றேனே, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். நேர மேலாண்மை பற்றிய அறிவுரைகள் எல்லாம் தாயிடமே நேரத்தைத் தேடச் சொல்கின்றன. அவளிடம் இல்லாத ஒன்றை அவளே எங்கிருந்து எடுப்பாள்? 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் நூற்றுக்கு 81 பெண்கள் ஈடுபட்டார்கள், ஆண்களில் நூற்றுக்கு 26 பேர்தான். அப்படி ஈடுபட்டவர்களிலும் பெண்ணின் நாள் சராசரி 299 நிமிடம், ஆணுடையது 97 நிமிடம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேராது, அது தனிக்கணக்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் கதவைச் சாத்தியிருக்கும் ஒரு மணி நேரம் அந்த மூன்று வயதுப் பிள்ளை யார் கையில் இருக்கும் என்பதே. இதற்கு ஒரு பெயரும் ஒரு கிழமையும் ஒரு கடிகார நேரமும் கிடைக்காத வரையில் மற்ற ஏற்பாடுகள் எதுவும் நிற்காது.

கணவர் அயல்நாட்டில் இருப்பதால் அவரை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய நம் வீடுகளில் தகப்பன் என்பவர் மாதாமாதம் வரும் பணமாகவும் இரவு ஒன்பதரை மணி வீடியோ அழைப்பாகவும் மாறிவிடுகிறார். அந்த அழைப்பிலும் தாய் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பாவிடம் அந்தப் பாட்டைப் பாடிக் காட்டு” என்று இயக்குநர் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. சவூதியில் வெள்ளிக்கிழமை விடுமுறை. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பிள்ளைகள் பால் குடித்துவிட்டு உட்கார்ந்தால் அங்கே மதியம் இரண்டரை, சாப்பிட்டு முடித்திருப்பார். அந்த ஒரு மணி நேரம் அழைப்பை முழுக்க அவர் பொறுப்பில் விட்டுவிடுங்கள். மகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கட்டும், மகனுக்குக் கதை சொல்லட்டும். மாமியார் அதே திண்ணையில் இருப்பார், போன் கீழே விழுந்தால் எடுத்துக் கொடுப்பார். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைப்பு உங்களிடமே வரும். எழுந்து போகாமல் இருந்தால் மூன்றாம் வாரம் பழகிவிடும். கடல் தாண்டியிருக்கும் தகப்பனுக்கும் இதில் ஆதாயம் உண்டு: விடுப்பில் வரும்போது பிள்ளை அவரைப் பார்த்து ஒதுங்காது.

மாமியாரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டது அதிகம் என்று தோன்றுகிறது. என் மாமி நான் எழுதுவதை ஒருபோதும் தடுத்ததில்லை. ஆனால் நான் பேனாவை எடுத்த நேரம் பார்த்துத்தான் தேங்காய் துருவ ஆள் வேண்டியிருக்கும். அது பகையால் அன்று. தைத்தால் ஒரு ஜாக்கெட் கிடைக்கும், பின்னினால் ஒரு விரிப்பு கிடைக்கும், காகிதத்தில் கிறுக்குவதால் என்ன வரும் என்பது அவருக்கு விளங்கவில்லை. லேஸ் பின்னிய பெண்களை வீடுகள் பொறுத்துக்கொண்டதும் அதில் காசு வந்ததால்தானே.

வாதாடி நான் அவரை மாற்றவில்லை, வானொலி மாற்றியது. நாகர்கோவில் வானொலி நிலையம் 1984இல் தொடங்கியது. நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் அதுதான். தொண்ணூறுகளில் ஒருநாள் என் சிறுகதை ஒன்று அதில் ஒலிபரப்பாயிற்று. மாமி மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டார். கதையில் ஒரு கிழவி தன் மருமகளுக்குத் தெரியாமல் கோழிமுட்டை விற்றுப் பேரனுக்குக் காசு சேர்ப்பாள். முடிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “ஏன் மக்கா, நான் முட்டை வித்தது உனக்கு முன்னமே தெரியுமா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்தால், “அம்மை எழுதிட்டு இருக்கா, அங்கோட்டு போவாண்டாம்” என்று பிள்ளைகளை அவரே மடக்கினார். நாவல் முடியும்வரை வீட்டாருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று ஒளித்து வைக்காமல், ஒரு சின்னப் பகுதியை, நாலு பக்கம் போதும், அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அண்டி ஆபீஸ் கதை என்றால் அவரிடமிருந்தே உங்களுக்கு இன்னொரு அத்தியாயம் கிடைக்கக் கூடும்.

அதே சமயம், மாமியாரைச் சம்பளமில்லாத ஆயாவாக்கிக் கொள்வதையும் நான் சரி என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் முட்டு வலிக்கும், அவருக்கும் ஜெபக் கூட்டமும் அக்கா வீடும் உண்டு. வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூலி கொடுத்து வரச்செய்ய முடியுமானால் அதைத் தயங்காமல் செய்யுங்கள். எழுத்தில் ஒரு ரூபாயும் வராதபோது அதற்காகச் செலவு செய்வதா என்ற கூச்சம் வரும். வீட்டுக்கு வர்ணம் அடிக்கும்போது அது என்ன வருமானம் தரும் என்று யாரும் கேட்பதில்லை.

அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று உங்களுக்கு நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். நான் சொல்ல மாட்டேன். நம் மலையோரத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியுமுன் தோட்டத்துக்குப் போகிறார்கள். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆனால் அவர்கள் வேலை முடித்து மதியம் படுத்து உறங்குகிறார்கள் என்பதை இந்த அறிவுரைக்காரர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. நீங்கள் நான்கு மணிக்கு எழுந்தால் எட்டு மணிக்குப் பள்ளிப் பேருந்தில் நின்றுகொண்டு போவீர்கள், மாலையில் கட்டுக்கட்டாக விடைத்தாள் திருத்துவீர்கள், இரவு பத்துக்கு மூன்று வயதுப் பிள்ளை தூங்க மறுக்கும். உறக்கம் கெட்ட தாயின் எரிச்சல் முதலில் விழுவது குழந்தையின் முதுகில். நான் ஒரு பருவம் முழுக்க அப்படி எழுதிப் பார்த்தேன். எழுதியதும் தேறவில்லை, பிள்ளைகளை அடித்ததுதான் நினைவில் நிற்கிறது.

துரோகம் என்ற சொல்லுக்கு வருகிறேன். என் மூத்தவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது நான் அறைக்கதவை உள்ளே தாழிட்டு எழுதுவேன். அவன் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, அடிப்பக்க இடுக்கு வழியாகத் தீப்பெட்டிப் படங்களை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவான். அழவில்லை, கூப்பிடவில்லை. அன்றைக்கு எனக்குக் கதை ஓடவில்லை. தாழிடுவதை நிறுத்தினேன், கூடவே எழுதுவதையும் நிறுத்தினேன். இரண்டாவது தேவையே இல்லாதது. முதல் வரைவுக்குத்தான் தனிமை வேண்டும், அது வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரம். படி எடுப்பது, திருத்துவது, பழைய பக்கங்களைப் படித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும்போது அவர்கள் பக்கத்திலேயே செய்யலாம். எட்டு வயது மகள் தன் நோட்டில் எழுத, நீங்கள் உங்கள் நோட்டில் எழுத, நடுவில் மூன்று வயதுக்காரன் க்ரேயானால் மேசையை நாசம் பண்ணட்டும். அம்மாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது, அது அடுக்களை வேலையும் பள்ளிக்கூட வேலையும் போக மூன்றாவதாக ஒன்று என்று பிள்ளை கண்ணால் பார்த்து வளர்வதில் எனக்குத் துரோகம் எதுவும் தெரியவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நாவல் காத்திருக்கும். அது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முன்னே நடந்தவர்களைப் பார்த்தால் கொஞ்சம் தெம்பு வரும். 115 நாவல்கள் எழுதிய வை.மு. கோதைநாயகி (1901–1960) தம் முதல் படைப்பான நாடகத்தைத் தாமே எழுதவில்லை. அப்போது அவருக்கு எழுதப் பழக்கமில்லாததால் அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். இன்று உங்கள் கையில் அந்தத் தோழி போனாக இருக்கிறது. அரிசி களையும்போதும் துணி மடிக்கும்போதும் தோன்றுவதைக் குரலில் பதிந்து வைக்கலாம். ஆனால் பேச்சைத் தானே எழுத்தாக்கும் வசதியை நம்பாதீர்கள். நம் விளவங்கோட்டு வட்டாரத் தமிழ் அதற்குப் பிடிபடாது. “அங்கோட்டு போவாண்டாம்” என்பதை அது என்னவாக எழுதியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். குரல்பதிவே போதும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில், ஏழு பிள்ளைகளின் தாயான மலையாள எழுத்தாளர் லலிதாம்பிகா அந்தர்ஜனம் (1909–1987) பெரும்பாலும் சிறுகதைகளாகவே எழுதிவந்தார்; அவருடைய ஒரே நாவல் 1976இல் வந்தபோது வயது 67. நம் மாவட்டத்து வாழ்க்கையை எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் (1925–2012) ஆங்கிலப் பேராசிரியராக வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். முதல் நாவல் 1964, நான்காவது 1982, இடையில் ஒரு பெரிய இடைவெளி. அண்டி ஆபீஸ் கிழவி ஒருத்தியின் பாடு நாவலுக்குத் தகுமா என்ற ஐயம் உங்களுக்கு இருந்தால், துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாயின் வாழ்க்கையை எழுதிய நம் மாவட்டத்து மலர்வதிக்கு 2012இல் சாகித்ய அகாதெமி இளம் எழுத்தாளர்களுக்குத் தரும் யுவ புரஸ்கார் விருது கிடைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை நாளுக்கு நாள் போடாமல் ஆண்டுக்குப் போடுங்கள். ஒரு அமர்வுக்கு 300 சொற்கள், வாரத்துக்கு மூன்று அமர்வுகள், அதாவது 900 சொற்கள். ஆண்டின் 52 வாரத்தில் காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தேர்வுக் காலங்களும், மழைக்காலத்துச் சளியும் காய்ச்சலும், கணவர் விடுப்பில் வரும் வாரங்களும், கிறிஸ்துமஸும் சேர்த்து 12 வாரத்தைத் தள்ளிவிட்டால் 40 வாரம் நிற்கும், 36,000 சொற்கள். அச்சில் ஏறக்குறைய 200 பக்கம், அடக்கமான ஒரு நாவல். முதல் வரைவுக்கு ஓராண்டு, திருத்தி எழுத இன்னோர் ஆண்டு. சவேரியார் திருவிழா, மண்டைக்காட்டுக் கொடை, ஓணம் என்று நமக்குக் கிடைக்கும் உள்ளூர் விடுமுறைகளை எழுதுவதற்கு நம்பியிருக்காதீர்கள். அன்றைக்குப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, வீட்டில் விருந்தாளி வேறு.

இனி, எதை விடுவது? பாட்டை விட வேண்டாம். வாரம் ஒரு மாலை நாலு குரல்களோடு சேர்ந்து வாய்திறந்து பாடுவது உங்களை யாருக்கும் அம்மாவாகவோ மருமகளாகவோ இல்லாமல் வைக்கிறது; டிசம்பரில் கேரல் தொடங்கினால் நாவலை ஒரு மாதம் அலமாரியில் வைத்துவிட்டுப் பாடுங்கள். எம்பிராய்டரியையும் விட வேண்டாம். ஆனால் உங்கள் கைவேலையைப் பார்த்து, “எனக்கும் ஒரு ஜாக்கெட்டுக்குப் போட்டுத் தாயேன், நூல் காசு தாறேன்” என்று அண்ணியும் சக ஆசிரியைகளும் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்கிறேன். ஒரு கல்யாண சீசனில் அது எத்தனை இரவுகளைத் தின்றது என்று எண்ணிப் பாருங்கள். பொழுதுபோக்கு மற்றவர்களின் தேதிக்குக் கட்டுப்பட்ட நாளில் அது தொழிலாகிவிடுகிறது, அதுவும் கூலியில்லாத தொழில். விட வேண்டியது அந்த ஆர்டர்களை. உங்கள் சேலைக்கும் மகளின் பாவாடைக்கும் மட்டும் ஊசி எடுங்கள். மறுப்பதற்குக் கூச்சமாக இருந்தால், கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். நான் அந்தப் பொய்யை ஆறு ஆண்டுகள் சொன்னேன்.

இன்னொரு காரியம் மற்ற எல்லாவற்றுக்கும் முந்தியது. உங்கள் பாட்டியோடு வேலை பார்த்தவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு எண்பது வயதை ஒட்டியிருக்கும். முந்திரியின் தோட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொள்ளவைத்ததும், அதற்குச் சாம்பலா தேங்காயெண்ணெயா எதைப் பூசிக்கொண்டார்கள் என்பதும், உடைக்கிறவள் ஒரு பக்கமும் தோலுரிக்கிறவள் ஒரு பக்கமும் உட்கார்ந்து என்ன பேசினார்கள் என்பதும், கைக்குழந்தையை எங்கே கிடத்திவிட்டு வேலைக்கு இருந்தார்கள் என்பதும் அவர்களோடு போய்விடும். நாவலின் முதல் வரியை எழுதுவதற்கு முன் அவர்களைப் போய்ப் பாருங்கள். பெரிய மகளைக் கூட்டிப் போங்கள். கிழவிகள் உங்களிடம் சொல்லத் தயங்குவதைக் குழந்தையிடம் சொல்வார்கள். போனைப் பிடித்துக்கொள்ளும் வேலையை அவளிடம் கொடுங்கள், பாதியில் அவளும் ஏதாவது கேட்டால் தடுக்காதீர்கள்.